சமாதானம் தேடிய ஜனாதிபதி வில்சன்

பெரும் போரிலே வென்ற நாடுகள் அதன்பின் உலகை எவ்வாறு ஒழுங்குசெய்கின்றன என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சனின் வாழ்க்கையைப் படித்தல் நன்று.

1856ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி வேர்ஜீனியா மாநிலத்திலே கிறிஸ்தவ போதகர் ஒருவரின் மைந்தராக இவர் பிறந்தார். உள்நாட்டுப் போரினால் தென் மாநிலங்கள் அடைந்த துயரைப் பிள்ளைப் பருவத்திலேயே கண்டார். கல்வித்துறையிற் புகழ்பெற்று, 1902இல் பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையின் தலைவரானார். 1912இல் நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது நடுநிலை வகித்த அவர், 1917 ஏப்பிரலிலே நாட்டைப் போரில் இறக்கினார். மறு ஆண்டு ஜனவரியில் பதினான்கு அம்சங்களை வெளியிட்டார். இரகசிய உடன்படிக்கைகளை ஒழித்தல், படைக்கலங்களைக் குறைத்தல், நாடுகளுக்கெனப் பொதுச் சங்கமொன்றை அமைத்தல் என்பன அவற்றுட் சில.

1919இல் பாரிஸ் மகாநாட்டிலே பிரான்சின் கிளெமன்சோவும் பிரித்தானியாவின் லொயிட் ஜோர்ஜும் தத்தம் நாட்டின் நலனையே முன்வைத்து வாதாடினர். சர்வதேச சங்கத்தைப் பெறும்பொருட்டு வில்சன் பலவற்றை விட்டுக்கொடுத்தார். ஜேர்மனிமீது பெரும் நட்டஈடு சுமத்தப்பட்டது. அதன் குடியேற்ற நாடுகள் விடுதலை பெறவில்லை. வென்றோரின் பொறுப்பாட்சிக்குக் கைமாறின. இனச் சமத்துவக் கொள்கையைச் சங்கத்தின் சாசனத்திற் சேர்க்குமாறு யப்பான் கேட்டது. பெரும்பான்மையோர் ஆதரித்தபோதிலும், முடிவு ஏகமனதானதன்று எனக் காட்டி, தலைமை வகித்த வில்சனே அதனைத் தள்ளினார். ஆசிய நாட்டவராகிய நாம் இதனை மறத்தல் இயலாது.

சங்கத்திற் சேர்ந்தால் பிறர் போர்களிற் சிக்க நேருமென அமெரிக்க செனற் சபையிற் பலர் அஞ்சினர். மக்களிடம் நேரே முறையிட வில்சன் புகையிரதத்திற் புறப்பட்டார். வழியில் நோயுற்றுத் திரும்பி, ஒக்டோபரிலே பாரிசவாதத்தால் வீழ்ந்தார். எதிர்க்கட்சியினர் கேட்ட நிபந்தனைகளுக்கு நோய்ப்படுக்கையிலும் அவர் இணங்கவில்லை. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் செனற் சபை உடன்படிக்கையை நிராகரித்தது. அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அவர் நாடோ சங்கத்தில் என்றுமே சேரவில்லை. 1924 பெப்ரவரி 3ஆந் திகதி அவர் காலமானார்.

இரண்டாம் உலகப்போரின் பின், 1945இல் ஐக்கிய நாடுகள் சபை தோன்றியபோது, செனற் சபை 89 வாக்குகளால் அதனை ஏற்றது; எதிர்த்தோர் இருவரே. ஆயினும் வென்ற ஐந்து வல்லரசுகள் தடுப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. எமது நாடு 1955இல் அச்சபையில் இடம்பெற்றது.

உறுதியாக நிற்கவேண்டிய சமத்துவத்தில் வில்சன் தளர்ந்தார். சற்றுத் தளர்ந்திருக்கக்கூடிய நிபந்தனைகளில் உறுதியாக நின்றார். இதுவே அவர் வாழ்விலே நாம் காணும் பெருங்குறை. எனினும், நாடுகள் ஓரிடத்திற் கூடிப் பேசவேண்டுமென்று அவர் உழைத்த உழைப்பு வீண்போகவில்லை. சங்கங்களிற் பணியாற்றும் இளைஞராகிய நாம் அவரது குறையையும் நிறையையும் ஒருங்கே கற்றுக்கொள்வோமாக.