பாசிக்குள்ளே ஒரு ரகசியம் – ரூத் சாகர்

மரபணு எல்லாமே உட்கருவுக்குள்ளதான் இருக்குன்னு ஒரு காலத்துல விஞ்ஞானிகள் அடிச்சுச் சொன்னாங்க. அதை அசைச்சுப் பார்த்தவர் ரூத் சாகர்.

1918-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார். 1948-ல் டாக்டர் பட்டம், மக்காச்சோளத்தில். பிறகு அவர் கையில் எடுத்தது கிளாமிடோமோனஸ். ஒரே செல், அதுக்குள்ள ஒரே பசுங்கணிகம்!

ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தில் சாகாத பாசியை, சாகிற பாசியோடு கலப்பு செய்தார். மெண்டல் கணக்குப்படி நாலு வாரிசுல ரெண்டு பிழைக்கணும். ஆனா நாலுமே பிழைச்சுது! பெற்றோரை மாத்திப் போட்டா நாலும் செத்துது. அப்படின்னா இந்த மரபணு உட்கருவுக்கு வெளியேதான் இருக்கணும். 1954-ல் வெளியிட்டார், பலர் நம்பவே இல்லை. விடுவாரா? 1963-ல் இஷிடாவோடு சேர்ந்து பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வையே பிரிச்சுக் காட்டினார். இவ்வளவு செய்தவருக்குப் பேராசிரியர் வேலை கிடைச்சது 1966-ல், 48 வயசுல!

பசுங்கணிகத்துக்கு ஏன் சொந்த மரபணு? ஆதியில் அது தனியா வாழ்ந்த நீலப்பசும்பாசி. இன்னொரு செல்லுக்குள்ள குடிவந்தது. நீலப்பசும்பாசிக்கு ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் உண்டு. கிளாமிடோமோனஸ் பசுங்கணிகத்தில் மிச்சம் சுமார் 100தான். மத்ததுல பல உட்கருவுக்கு மாறிப் போயின, சில தொலைஞ்சே போச்சு.

1975-ல் ஹார்வர்டு சென்ற சாகர், பிறகு புற்றுநோய் ஆராய்ச்சி செய்தார். 1997-ல் அவரைக் கொண்டுபோனதும் புற்றுநோய்தான்.