விடுபட்ட ஓர் எண்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1729. நான் இங்கு எழுத விழைவது அதனினும் மிகப் பெரிய வேறோர் எண்ணைப் பற்றி.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914-ல் அவரைக் கடல் கடக்கச் செய்தது.

1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வெளியாயிற்று. அதன் பொருள் மிகு பகு எண்கள். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். எங்கள் ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் நின்றாலே இது விளங்கிவிடும். பதினொரு பழங்களை மிச்சமின்றிச் சமமாகக் கூறு கட்ட வேண்டுமானால், ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோதான் வைக்க முடியும். பன்னிரண்டு பழங்களையோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு விதமாக வைக்கலாம். பன்னிரண்டுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவதே மிகு பகு எண். 24, 60, 360 ஆகியவையும் இவ்வினமே.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இவ்வெண்களை வரிசைப்படுத்தி, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை அட்டவணையிட்டார். அக்கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள்! ஆயினும் இடையே ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் இதுவே கிடைக்கும். நானும் நோட்டில் பகாக் காரணிப்படுத்திப் பார்த்தேன். 2-ன் அடுக்கு 6. 3-ன் அடுக்கு 4. 5-க்கும் 7-க்கும் 2. 11, 13, 17, 19 ஆகியவற்றுக்கு 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 5,040. வியப்பு என்னவெனில், அந்த 5,040-ம் ஒரு மிகு பகு எண்ணே.

இராமானுஜனுமா ஓர் எண்ணைத் தவறவிட்டார் என்று முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் தேற்றங்கள் அதனால் சாய்ந்துவிடவில்லை. எஃப்.ஏ. தேறாத அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்ததும் அதே கட்டுரைதான். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோயுற்று 1919-ல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் மறைந்தார். போர்க்காலப் பண முடையால் அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு கணக்குத் தவறினாலே, இந்தப் படிப்பு நமக்கு ஆகாதோ என்று கலங்கியதுண்டு. இப்போது அந்த விடுபட்ட எண்ணை நினைத்துக்கொள்கிறேன். நண்பர்களே, பிழைக்கு அஞ்சிக் கணக்கைப் பாதியில் விடாதிருப்போம். திருத்திக்கொண்டு அடுத்த வரிக்குச் செல்வோம்.