திருவிருந்தை மறுத்தவருக்கே திருவிருந்து மறுக்கப்பட்டது: ஜான் வெஸ்லி கற்ற பாடம்

கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் எனப் பல ஊர்களில் மெதடிஸ்ட் திருச்சபையின் பெயரைச் சொல்லும் பள்ளிகளும் ஆலயங்களும் இருக்கின்றன. அங்கே படித்த நம்மவர்கள் ஏராளம். ஆனால், மெதடிஸ்ட் என்ற சொல் முதலில் ஒரு கேலிப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. எதற்கெடுத்தாலும் முறை, கணக்கு, ஒழுங்கு என்று இருந்த சில இளைஞர்களை ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அப்படிக் கிண்டல் செய்தார்கள். அந்த இளைஞர்களின் தலைவர் ஜான் வெஸ்லி.

1703-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்வர்த் என்ற சிற்றூரில், ஆங்கிலிக்கன் குருவானவர் சாமுவேல் வெஸ்லியின் மகனாகப் பிறந்தார். தாயார் சூசன்னா கண்டிப்பானவர். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஐந்து வயதில் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஜான் மாடிச் சன்னல் வழியே மயிரிழையில் மீட்கப்பட்டார். ஆண்டவர் தன்னை ஏதோ ஒரு காரியத்துக்காகத்தான் காப்பாற்றினார் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வாழ்ந்த விதம் எவரையும் வியக்க வைக்கும். புதன், வெள்ளிக் கிழமைகளில் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது, நேரத்துக்கு நேரம் ஜெபம். ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 எனக் கூடியபோதும் தனக்கென எடுத்துக்கொண்டது அதே 28 பவுண்டுதான். அவர் வேஷதாரி அல்லர். ஆனால், இத்தனையும் செய்த பிறகும் மனத்தில் நிம்மதி இல்லை.

ஜார்ஜியாவில் நடந்தது

1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றப் பகுதிக்குப் போதகராகக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் பெரும் புயல். ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். உடன் வந்த மொரேவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோ, பிள்ளைகள் உட்பட, அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். சாவுக்குத் தான் அஞ்சுவதையும் அவர்கள் அஞ்சாததையும் வெஸ்லி அன்று கண்டுகொண்டார்.

அப்படியும் சவானா நகரில் அவர் சட்டப் புத்தகத்தை விடவில்லை. யோஹான் மார்ட்டின் போல்சியஸ் என்ற லுத்தரன் போதகர் திருவிருந்துக்கு வந்தார். விசுவாசத்தை விட மறுத்ததற்காக ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட மக்களுக்கு ஊழியம் செய்தவர் அவர். ஆனால், பேராயரின் கைவைப்புப் பெற்ற குருவானவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை என்று கூறி வெஸ்லி அவரைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்து சோஃபியா ஹாப்கி. அந்த இளம்பெண்ணை வெஸ்லி விரும்பினார், முடிவெடுக்கத் தயங்கினார். அவர் வேறொருவரை மணந்துகொண்டார். சில மாதங்கள் கழித்து திருவிருந்துக்கு வந்தவரை வெஸ்லி சபை முன்னிலையில் விலக்கினார். முன்கூட்டியே பெயர் கொடுக்கவில்லை, செய்த தவற்றுக்கு மனம் வருந்தவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். விதிப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஊர் மக்கள் கண்ணுக்கோ அது பழிவாங்கலாகவே பட்டது. வழக்கு வந்தது; 10 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 1737 டிசம்பரில் இரவோடு இரவாக ஊரை விட்டுப் புறப்பட்டார். பிறரை மனந்திருப்பச் சென்ற தானே இன்னும் மனந்திரும்பவில்லை என்ற எண்ணம் வழி நெடுக அவரை வாட்டியது.

1738 மே 24

அன்று மாலை, விருப்பமில்லாமலேயே லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். தன் செயல்களால் அல்ல, கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தால்தான் மீட்பு என்பது அதுவரை அவர் மூளைக்குத் தெரிந்த பாடம். அன்று அது உள்ளத்தில் இறங்கியது.

அதன் பிறகு அவர் பேச்சு மாறியது. 1741-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரசங்கித்தபோது, ஆலயத்துக்குப் போவதையும் ஜெபிப்பதையும் நேர்மையாக நடப்பதையும் ஒழுங்காகச் செய்கிறவர்கூட உள்ளத்தில் அன்பும் விசுவாசமும் இல்லையென்றால் பாதிக் கிறிஸ்தவரே என்றார். அப்படி வாழ்ந்தவர்களின் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். 1744-இல் அங்குள்ள அறிஞர்களின் போலி பக்தியை முகத்துக்கு நேரே சாடினார். பல்கலைக்கழகம் அவரைப் பிரசங்கிக்க மீண்டும் அழைக்கவே இல்லை.

ஆலயக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. வெஸ்லி திறந்தவெளிக்குப் போனார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பதே பாவம் என்று ஒரு காலத்தில் நினைத்தவர், 1739-இல் பிரிஸ்டல் நகருக்கு வெளியே மேட்டில் நின்று பேசினார். கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகுமுன் கேட்க வேண்டும் என்பதற்காகக் காலை 5 மணிக்கே பிரசங்கித்தார். பெரட்டுக்கு முன் எழுந்து பழகிய தோட்டத்து மக்களுக்கு அதன் அருமை புரியும்.

காலம் திருப்பிக் கொடுத்தது

1742-இல் சொந்த ஊரான எப்வர்த்துக்குத் திரும்பினார். தந்தை சுமார் 40 ஆண்டுகள் பணியாற்றிய ஆலயத்திலேயே பேச அனுமதி கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் கல்லறை மீது ஏறி நின்று பிரசங்கித்தார். அடுத்த ஆண்டு அதே ஆலயத்தின் குரு, தகுதியற்றவர் என்று சொல்லி அவருக்குத் திருவிருந்தையும் மறுத்தார். சவானாவில் போல்சியஸ் நின்ற இடத்தில் இப்போது வெஸ்லி நின்றார். 1749-இல் போல்சியஸிடமிருந்து கடிதம் வந்தபோது, அன்று தான் செய்ததை எண்ணி வருந்தி நாட்குறிப்பில் எழுதினார்.

வருத்தத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பின் அங்கிருந்த மெதடிஸ்ட் மக்கள் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க ஆள் இல்லாமல் தவித்தார்கள். லண்டன் பேராயர் உதவவில்லை. பேராயர் அல்லாத வெஸ்லி, 1784-இல் தானே கைவைத்து ஊழியர்களை அபிஷேகம் செய்து அனுப்பினார். தம்பி சார்லஸ் கடுமையாக எதிர்த்தார். பேராயரின் கைவைப்பு இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியவர், அந்தக் கைவைப்புக்காக மக்களைப் பட்டினி போட முடியாது என்ற முடிவுக்கு வர 47 ஆண்டுகள் பிடித்தன.

இதற்காக ஒழுங்கையே அவர் கைவிட்டுவிடவில்லை. உள்ளத்தில் விசுவாசம் இருந்தால் போதும், ஜெபமும் நற்செயலும் வேண்டாம் என்றவர்களை விட்டுப் பிரிந்தார். 1746-இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். சிறு கடன் நிதி அமைத்தார். 1774-இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். விதி இருக்கட்டும், அது அன்புக்கு வேலைக்காரனாக இருக்கட்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டியது.

1791 மார்ச் 2-ஆம் தேதி, 87 வயதில் லண்டனில் காலமானார். அலங்கார வண்டி வேண்டாம், ஆறு ஏழைகள் தன் உடலைச் சுமக்க வேண்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். அவர்களுக்கு அவர் வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.