விமானம் வாங்கினார், ஓட்டத் தெரியவில்லை!

1927-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி நியூயார்க்கில் இருந்து ஒரு வாலிபர் தன்னந்தனியாக விமானத்தில் கிளம்பினார். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, மறுநாள் இரவு பாரிஸ் நகரில் இறங்கினார். முப்பத்து மூன்றரை மணி நேரப் பயணம். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. உலகமே கொண்டாடிய அந்த 25 வயது வீரர்தான் சார்லஸ் லிண்ட்பெர்க்.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, சொந்தமாக வாங்கிய விமானத்தை ஓட்டத் தெரியாமல் அவர் விழித்துக்கொண்டு நின்றார்!

லிண்ட்பெர்க் 1902-ல் பிறந்தார். தகப்பனார் அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினராக இருந்தவர். பையனுக்கோ கல்லூரிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு, 1922-ல் லிங்கன் என்ற ஊரில் விமானம் ஓட்டப் பழகினார். வாத்தியாருடன் சுமார் 8 மணி நேரம் பறந்தார். தனியாகப் பறக்க வேண்டிய சமயத்தில் பயிற்சி விமானம் விலை போய்விட்டது. தனியாக ஓட்ட வேண்டுமானால், சேதம் ஏற்பட்டால் ஈடு கட்ட ஜாமீன் பணம் கேட்டார்கள். கையில் பணம் ஏது? ஊர் ஊராக வித்தை காட்டும் விமானிகளுடன் சேர்ந்துகொண்டார். பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் நின்றார். பாரசூட் கட்டிக்கொண்டு குதித்தார்.

1923-ல் ஜார்ஜியா மாநிலம் அமெரிக்கஸ் என்ற ஊரில், முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானங்கள் விற்பனைக்கு வந்தன. 500 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கினார். 'ஜென்னி' என்பது அந்த ரகத்தின் செல்லப் பெயர். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. 90 குதிரை சக்தி என்ஜின். வானத்தில் பல்டி அடித்துக் காட்டிய விமானிகள் பலரிடம் அன்று இருந்தது இதுதான். அந்தக் காலத்தில் லைசென்சு கேட்பாரும் இல்லை.

ஜென்னி லேசில் வசப்படாது. முன்னால் இரண்டு சக்கரம். வாலுக்கு அடியில் வெறும் கட்டை. பிரேக் இல்லை. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். பின் ஆசனத்தில் இருக்கும் விமானிக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. கனத்தின் மையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஓடும்போது சிறிது கோணினாலும் வால் சுழன்று முன்னே வரப் பார்க்கும். லிண்ட்பெர்க் பழகியதோ வேறு ரகம். அவர் விமானத்தைத் தொட்டும் ஆறு மாதம் ஆகியிருந்தது.

தைரியமாக ஏறி உட்கார்ந்தார். விமானம் ஓடியது. நான்கு அடி உயரம்கூடப் போயிராது. வலது இறக்கை தாழ்ந்தது. பதறிப்போய் என்ஜின் வேகத்தைக் குறைத்தார். ஒற்றைச் சக்கரமும் இறக்கை நுனியும் தரையில் இடிக்க, எப்படியோ இறங்கினார். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது.

அப்போது முன்பின் அறியாத ஓர் இளம் விமானி அருகில் வந்தார். கேலி செய்யவில்லை. தாமும் கூட வருவதாகச் சொன்னார். லிண்ட்பெர்க் வீறாப்புக் காட்டாமல் அவரை ஏற்றிக்கொண்டார். இருவரும் பல தடவை ஏறி இறங்கினார்கள். மாலையில் காற்று அடங்கியதும் தனியாகப் பறக்கலாம் என்று யோசனை கூறிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார்.

மாலை ஐந்து மணி சுமாருக்கு ஜென்னி மறுபடி ஓடியது. இந்தத் தடவை இறக்கை தாழவில்லை. 4,500 அடி உயரம் வரை போய்ச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினார்!

ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பழகினார். பிறகு ஊர் ஊராகப் பறந்து, ஆளுக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றி இறக்கினார். அந்தக் கோடையில் அவருடைய தாயாரும் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட ஆசிரியையான அந்த அம்மாள், சுமார் பத்து நாள் மகனுடைய விமானத்தில் முன் ஆசனத்தில் உட்கார்ந்து ஊர் சுற்றினார்.