சாள்ஸ் ஹக்கின்ஸ் (1901 – 1997)

புற்றுநோய்க் கலங்கள் உடலின் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவை என்றே 1940 வரை மருத்துவர் பலரும் எண்ணியிருந்தனர். இவ்வெண்ணத்தை மாற்றியவர் சாள்ஸ் ஹக்கின்ஸ் ஆவார்.

கனடாவின் ஹலிபக்ஸ் நகரில் 1901 இல் பிறந்த இவர், அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். 1927 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இணைந்தார். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புரோஸ்ரேற் சுரப்பியே இவரது ஆய்வுப்பொருளாயிற்று. மனிதரைப் போலவே நாய்களுக்கும் முதுமையில் இச்சுரப்பி வீங்குவதுண்டு. ஆகவே நாய்களில் ஆராய்ந்தார். ஆண் ஓமோனைச் சுரக்கும் விதைகளை அகற்றியதும் வீக்கம் சுருங்கியது.

அடுத்து, இச்சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் என்புகளுக்குப் பரவிய மனிதருக்கு அதே சத்திரசிகிச்சையைச் செய்தார். வேறு சிலருக்குப் பெண் ஓமோனாகிய ஈஸ்திரஜனைக் கொடுத்தார். வலியால் துடித்த பலருக்கு விரைவிலேயே வலி தணிந்தது. நோயாளர் சொல்வதை மட்டும் நம்பியிராது, குருதியில் அமில பொஸ்பற்றேஸ் என்னும் நொதியத்தின் அளவு குறைவதையும் அளந்து காட்டினார். முடிவுகள் 1941 இல் வெளியாகின.

ஆயினும் பெரும்பாலானோரில் நோய் மீண்டும் தலைதூக்கியது. நோபல் பரிசை மட்டும் மனனம் செய்யும் மாணவர் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுவர். அவரது வாழ்வில் கடினமான பகுதி இதுவே. விதைகள் இல்லாதபோதும் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் சிறிதளவு ஆண் ஓமோனைத் தருகின்றன. நோயை மீட்பது அதுவாகலாம் எனக் கருதி, 1945 இல் நோயாளர் சிலரின் இரு அதிரீனல் சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்தார். அச்சுரப்பிகள் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பதை விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கத் தகுந்த கோட்டிசோன் மருந்து அன்று கையில் இல்லை. நோயாளர் நெடுநாள் வாழவில்லை. 1950 களின் தொடக்கத்தில் கோட்டிசோன் கிடைத்தபின் மீண்டும் முயன்றார். நோயாளர் சத்திரசிகிச்சையைத் தாங்கினர், எனினும் புரோஸ்ரேற் நோயில் பயன் சொற்பமே.

1966 இல் பெய்டன் ரௌஸ் என்பவருடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1997 இல் சிக்காகோவில் காலமானார்.

சத்திரசிகிச்சையால் அவர் தேடியதைப் பின்னாளில் அபிராத்தரோன் என்னும் மாத்திரை செய்தது. அதிரீனல் சுரப்பியிலும் புற்றுக்கலங்களிலும் ஆண் ஓமோன் உருவாவதை அது தடுக்கிறது. ஓமோன் சிகிச்சைக்கும் டொசிடக்செல் மருந்துக்கும் பின்னர் நோய் முற்றிய 1195 பேரில் அது சோதிக்கப்பட்டது. அனைவருக்கும் கோட்டிசோன் இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றும் கொடுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கினர் பெற்றது போலி மாத்திரை. யாருக்கு எது என்பதை நோயாளரோ மருத்துவரோ அறியார். 2011 இல் வெளியான முடிவின்படி, போலி மாத்திரை பெற்றோரின் இடைய ஆயுட்காலம் 10.9 மாதங்கள், அபிராத்தரோன் பெற்றோரினது 14.8 மாதங்கள்.