சேனாவரையரும் முற்றும்மையின் ஆட்சி எல்லையும்

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே செல்வோர் பொருநையாற்றுப் பகுதியிலுள்ள ஆத்தூரை அடைவர். ஆற்றூர் என்பது இதன் பழம்பெயர். இவ்வூர்ச் சோமநாதர் கோயில் கல்வெட்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தவரான சேனாவரையர் ஒருவரைக் குறிக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்தவர் அவரே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. அக்கொள்கையின்படி அவர் காலம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். காயல் துறையில் முத்தும் குதிரையும் விலைபோன காலம் அது.

சேனாவரையர் என்பது படைத்தலைமையைச் சுட்டும் பெயராயினும், அவர் புகழ் நிலைபெற்றது புலமையால். வடமொழி இலக்கணத்திலும் தருக்கத்திலும் தேர்ந்த அவர், முன்னோரான இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் காரணம் காட்டி மறுத்தார். சொல்லின் வடிவத்தோடு நில்லாது, தொடர்ப்பொருள் எவ்வாறு பிறக்கிறது என ஆராய்வது அவர் நெறி.

இதற்கு முற்றும்மை பற்றிய அவர் விளக்கம் தக்க சான்று. முற்றும்மை ஒரு தொகுதி முழுவதையும் தழுவுவது. அது எச்சப்பொருள் தருதலும் உண்டு என்பது தொல்காப்பியர் விதி. எதிர்மறை ஏவலில் இவ்விதி விளங்குவதைச் சேனாவரையர் காட்டினார். பத்து முத்தும் விற்காதே என ஒருவன் ஏவினால், ஒன்றையும் விற்றலாகாது என்பது ஒரு பொருள். சிலவற்றை விற்றுச் சில எஞ்ச வை என்பது மற்றொரு பொருள். முன்னதில் முற்று எதிர்மறையைத் தன்னுள் அடக்குகிறது. பின்னதில் எதிர்மறை முற்றை அடக்குகிறது. ஏவல் கேட்டவன் பிறழ உணரின் இழப்பு உடையவனுக்கே.

தற்காலப் பயனிலைத் தருக்கம் இவ்வேறுபாட்டை அளவுச்சொல்லின் ஆட்சி எல்லை என்று வழங்கும். செருமானிய அறிஞர் பிரெகெ 1879இல் வெளியிட்ட நூலில் முழுமைக்கும் எதிர்மறைக்கும் தனித்தனிக் குறி அமைத்து, அவை நிற்கும் முறையால் இரு பொருளையும் பிரித்தார். சேனாவரையரிடம் அத்தகைய குறியீடு இல்லை. இரு பொருளுக்கும் இடந்தரும் தொடரில் எது கருதப்பட்டது என்பதை அவர் சொல்வோன் குறிப்புக்கும் இடத்துக்கும் விட்டார். எனவே அவரைக் குறியீட்டுத் தருக்கத்தின் முன்னோடி எனல் மிகையாகும். ஆயினும், முழுமை சுட்டும் சொல் எதிர்மறையோடு கூடுங்கால் பொருள் இரண்டாகப் பிரிதலை விதியும் எடுத்துக்காட்டும் கொண்டு நிறுவியது தமிழ் உரைமரபு. 1868இல் சி.வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றிய அவர் உரை, இலக்கணம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, தருக்கம் பயில்வோர்க்கும் உரியது.