ஹைதர் அலியின் அந்திம வார்த்தை

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கிருந்து மேற்கே காஞ்சீபுரத்தை நோக்கிச் செல்லும் வட்டாரத்தில் புள்ளலூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1780 செப்டம்பர் 10-ந் தேதி கர்னல் பெய்லியின் சைனியத்தை ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் நிர்மூலமாக்கியது அவ்வூர் வெளியிலேதான். காஞ்சியில் தங்கியிருந்த ஸர் ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். ஆயினும் புள்ளலூரில் நிற்கும் பழைய ஸ்தூபிகள் இரண்டும் ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவையே.

கோலார்ச் சீமையில் பிறந்து, எழுத்தறியாத போர்வீரனாகத் தொடங்கி, 1761-ல் மைசூரின் அதிபதியானவர் ஹைதர். 1769-ல் சென்னைப்பட்டணத்தின் வாயிலுக்கே வந்து, தாம் விரும்பியபடி சமாதானம் எழுதி வாங்கினார். அவ்வுடன்படிக்கைப்படி ஆபத்தில் உதவ வேண்டிய கும்பினியார், மகாராஷ்டிரர் அவர்மேல் படையெடுத்தபோது வாளாவிருந்தனர். அந்த நம்பிக்கைத் துரோகத்தை அவர் மறக்கவேயில்லை.

1781-ல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கபுரத்திலும் ஸர் அயர் கூட்டிடம் அவர் தோல்வி கண்டார். முதுகில் எழுந்த ராஜபிளவையால் நலிந்து, 1782 டிசம்பர் 7-ந் தேதி சித்தூருக்கருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் காலமானார். கடைசியாக அவர் சொன்னதென்ன? இங்கேதான் சரித்திரக்காரர்கள் பிரிகின்றனர். ஆங்கிலேயருடன் சமாதானம் செய்துகொள்ளுமாறு மகனுக்குப் புத்தி கூறினார் என்பது ஒரு சாரார் கூற்று. பார்ஸியில் சரித்திரம் எழுதிய கிர்மானியோ, மரண தினத்திலும் அவர் சென்னையை நோக்கிக் குதிரைப்படையை ஏவினார் என்கிறார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆங்கிலேயரைத் தரையில் அழிக்கத் தம்மால் கூடும், கடலை வற்றச் செய்யக் கூடாதென்று அவர் மந்திரி பூர்ணய்யாவிடம் மனம் நொந்து கூறினாராம். இதை எழுதிவைத்த வில்க்ஸ், மைசூரில் ஆங்கில ரெஸிடெண்டாயிருந்தவர். பூர்ணய்யாவும் 1799-க்குப் பின் ஆங்கிலேயர் தயவில் திவானாயிருந்தவர். சாட்சிகளின் நிலையை நேயர்கள் கவனிக்க வேண்டும். எனினும் கப்பற்படையின் பலத்தை ஹைதர் நன்குணர்ந்திருந்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. பிரெஞ்சுத் தளபதி ஸுப்ரேன் கடலில் போராடியதை அவர் எவ்வளவு ஆவலுடன் எதிர்பார்த்திருந்தார்! கடலின் வலிமையை உணர்வது வேறு, பகைவனிடம் பணியச் சொல்வது வேறு. முன்னதைப் பின்னதாகத் திரித்துக் கொண்டவர்களே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

மகனுக்குச் சொன்னதாகக் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். திப்பு அப்பொழுது மலையாளக்கரையில் போர்புரிந்து கொண்டிருந்தார். மந்திரிகள் மரணத்தை மறைத்து, உடலைப் பொக்கிஷப் பெட்டி போலக் கோலாருக்கு அனுப்பிவிட்டனர். திப்பு பாசறையை அடைந்தபோது அடுத்த வருஷம் பிறந்துவிட்டது. அவர் கைக்கு வந்தது நடந்து கொண்டிருந்த யுத்தம். அதை 1784 மார்ச் 11-ந் தேதி மங்களூர் உடன்படிக்கை வரையில் அவர் நடத்தினார்.